பிரேக் மிதிக்க ஓர் ஆள்

அன்று காலையிலிருந்தே இடுப்பு கழன்றுவிடுவதுபோல் வலி. குனிந்தால் நிமிர முடியவில்லை. மதியம் சாப்பிடவும் இல்லை. அந்த மயக்கத்தில் உளறுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இருபத்தாறு வருடம் கார் வேலை பார்த்தவன் நான். புளுகி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதெல்லாம் சும்மா. இது நடந்தது பட்டப்பகல், இரண்டு பத்துக்கு.

முதல் நாள் மாலை, பின் தெருவில் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தவன் வந்தான். செல்போனில் பார்த்துத் தொழில் கற்றவன். அவனுக்கு 'வீடியோ' என்று பெயர் வைத்ததே நான்தான்.

"அண்ணே, ஒரு வண்டிக்கு எஞ்சின் மவுண்டிங் பாக்கணும். ஆள் இல்ல. ரெண்டு நிமிஷம் வந்து பிரேக் மிதிங்கண்ணே."

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே பிரேக்கை அழுத்திக்கொண்டு, கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுப்பான். இன்னொருவன் முன்னால் நின்று எஞ்சின் துள்ளுகிறதா என்று பார்ப்பான்.

"ஏன், வீடியோவுல இருந்து ஒருத்தன் எறங்கி வர மாட்டானா? பெடலுக்கு ஒரு கட்டைய முட்டுக் குடுத்துட்டு நீயே பாரு, போ."

சிரித்துக்கொண்டே போனான். சூடு சொரணை இல்லாத ஜென்மம்.

மறுநாள் அவன் ஷட்டர் திறக்கவில்லை. தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒன்று ஐம்பதுக்கு ஒரு பேங்க்காரர் வந்தார். ஆட்டோமேடிக் கார். கியர் போட்டால் 'டொக்'. நின்றால் ஸ்டியரிங் நடுங்கியது. இதற்குமுன் பார்த்த மேதாவிகள் பிளக்கை மாற்றியிருந்தார்கள், டயரை மாற்றியிருந்தார்கள். மவுண்டிங்கை எவனும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேங்க்காரர் அதற்கு மேல். பிரேக்கை மிதிக்கச் சொன்னால் ஹாரனை அடித்தார்.

கார் சுவரைப் பார்த்து நின்றது. அவரை சீட்டிலேயே இருக்கச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கிவிட்டு, லைட் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் நின்றேன். பானட் மறைத்தது. சீட் தெரியவில்லை.

"ரிவர்ஸ் போடுங்க."

டொக்.

"முன் கியர், டி போடுங்க."

டொக்... எஞ்சின் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. ரப்பர் வாயைப் பிளந்து கிடந்தது.

"இப்ப லேசா..."

சொல்லி முடிக்கவில்லை. அளந்து ஊற்றியதுபோல் ஆக்ஸிலேட்டர் வந்தது.

இந்த ஆளுக்கா இப்படி ஒரு கால் பதம்?

"தெரியுதாண்ணே?"

அண்ணேயா? அதுவரை அவர் என்னை "யோவ்" என்றுதான் கூப்பிட்டார்.

அப்போது காருக்குப் பின்னால், கேட் பக்கமிருந்து ஒரு குரல்.

"யோவ், நான் ஃபோன் பேசிட்டு வர்றதுக்குள்ள நீயே ஆரம்பிச்சிட்டியா?"

பேங்க்காரர்.

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. என் முழங்காலுக்கும் பம்பருக்கும் இரண்டு விரல்கடை...

பக்கவாட்டில் நழுவினேன். கதவை இழுத்தேன்.

சீட் காலி.

கியர் டி-யில்.

பிரேக் பெடல்... கீழே, அழுந்தியபடி.

லீவரைப் பார்க்கிங்கில் தள்ளினேன்.

பெடல் மெதுவாக... மேலே வந்தது.

ஆறு மணிக்கு வீடியோவின் அக்கா, அவன் கடைச் சாவியோடு என்னிடம் வந்து நின்றாள்.

"நேத்து ராத்திரி ஒண்டியாவே வேல பாத்திருக்கான்ணே. கட்ட நழுவி, வண்டி அவனைச் செவுத்தோட வெச்சு நசுக்கிருச்சு. இன்னிக்கு ரெண்டு பத்துக்கு ஆஸ்பத்திரியில மூச்சு நின்னுருச்சு. கட்டைய வைக்கச் சொல்லி எவன் புத்தி சொன்னானோ..."

சொன்னது என் வாய். ஊரையே எடைபோட்ட வாய்.

அவனுக்கு நான் இரண்டு நிமிடம் பிரேக் மிதிக்க வேண்டும். இன்னும் பாக்கி.