பகலில் ஆளில்லா அறைகள்

விஜயவாடாவில் பசுமைக் கட்டடங்களுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்றில் சுவர்ச்சலா எனக்கு அடுத்த மேசை. நான் வரைபடம் போடுவேன். அவள் அதைக் கணினியில் ஏற்றி, கட்டடம் வரும் ஊரின் ஓராண்டு வெயிலையும் காற்றையும் ஈரத்தையும் மணிவாரியாகக் கொடுத்து, எந்த அறை எப்போது எவ்வளவு சூடாகும் என்று பார்த்துச் சொல்வாள். வேலையில் கறார். நிழல் விழும் நேரம் பத்து நிமிடம் பிசகினாலும் மறுபடி வரையச் சொல்லி என் உயிரை வாங்குவாள்.

பீமவரம் பக்கத்தில் ஓர் இறால் ஆலை, வேலை செய்யும் பெண்களுக்காக நான்கு மாடி விடுதி கட்டியது. அறைகளில் ஆட்கள் எந்நேரம் இருப்பார்கள் என்று மென்பொருள் கேட்கும். விடுதி என்றால் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை காலி என்று அதிலேயே ஓர் அட்டவணை உண்டு. சுவர்ச்சலா அதையே வைத்தாள். ஆளில்லாத நேரத்துச் சூடு கணக்கில் சேராது. அறிக்கை நன்றாக வந்தது. அதைக் காட்டியே மேற்குச் சன்னல்களின் வெயில் தடுப்புகளை உரிமையாளர் வேண்டாமென்றார்.

விடுதி திறந்த இரண்டாம் கோடையில், மே மாதத்து மதியம், நான்காம் மாடி மேற்கு அறையில் ருத்தம்மா என்ற இருபத்தாறு வயதுப் பெண் தூக்கத்திலேயே இறந்துபோனாள். இரவு முழுக்க ஐஸுக்குள் கைவிட்டு இறால் உரித்துவிட்டுப் பகலில் படுத்தவள். அன்று மின்சாரம் இல்லை.

செய்தி வந்ததும் சுவர்ச்சலா பழைய கோப்பைத் திறந்தாள். அந்த அறைக்கு, மாலை நான்கு மணிக்கு, நாற்பத்தொரு டிகிரி. முதல் தடவை கணக்குப் போட்டபோதே அந்த எண் அங்கே இருந்திருக்கிறது.

எல்லா அலுவலகத்திலும் அந்த அட்டவணைதானே என்றேன்.

"ஒரு போன், அக்கா. ராத்திரி ஷிப்ட் உண்டான்னு ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

எங்கள் முதலாளி சலபதி கோப்பை மூடச் சொன்னார். "ரூல்படி நாம சரிம்மா. கரண்ட் போனதுக்கு நாமளா பொறுப்பு?"

"ரூல் சரிதான் சார். நான் போட்டதுதான் தப்பு. எழுதிக் கொடுக்கப் போறேன்."

தொழிலாளர் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் வேலை போயிற்று. என்னையும் கையெழுத்துப் போடக் கேட்டிருந்தாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி நழுவினேன்.

பிறகு கைகலூரில் ருத்தம்மாவின் கணவனைப் பார்க்கப் போனாள். கையெழுத்துப் போடாத குற்ற உணர்ச்சியில் நானும் கூடப் போனேன். அட்டவணையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"அப்ப உங்க கம்ப்யூட்டருக்கு அவ அங்க படுத்திருக்கறதே தெரியாதா?"

"தெரியாதுண்ணா. நான் சொல்லல."

அவன் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

விசாரணையில் மாரடைப்பு என்று எழுதினார்கள். சுவர்ச்சலாவின் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அதன்பின் எங்கள் தொழிலில் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏலூரில் ஒரு கடையில் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிறாள். ஆலை, இரவு ஷிப்ட் பெண்களைக் கீழ் மாடிகளுக்கு இறக்கிவிட்டுப் பகல் ஷிப்ட் பெண்களை மேலே ஏற்றியது. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆலைக்கு விடுமுறை, அந்தப் பக்கம் போனேன். நான்காம் மாடிப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைகளை விட்டு வந்து, மாடிப்படிகளில் ஒருவர் காலடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள்.