மொட்டைமாடிக்கு ஒரு பூட்லோடர் பார்த்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் தண்ணீரை நான் நிறுத்தினேன்.

நீர் வழங்கல் சபையைத் திட்ட வேண்டாம். மின்வெட்டும் இல்லை. நான்தான். அதுவும் மரியாதை செய்யப் போய்!

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட, நிறைந்தால் நிறுத்த, ஒரு பெட்டி செய்து பூட்டியிருக்கிறேன். உள்ளே நகத்தளவு சிப். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திரை காட்டும். கமிட்டிக் கூட்டத்தில் கைதட்டினார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

சிப்புக்குள் புரோகிராம் மாற்ற இரண்டு வழி. ஒன்று, ஆறு ஊசியுள்ள புரோகிராமரை நேராகப் பலகையில் குத்துவது. மற்றது, பூட்லோடர். அது சிப்பின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டி புரோகிராம்; புதிதாக ஏதாவது வந்தால் வாங்கி உள்ளே வைக்கும். வாசல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எந்த வாசல்காரனை வைப்பது? பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுத் தொலைத்தேன். அடேயப்பா! ஆளுக்கொரு பூட்லோடர், ஆளுக்கொரு மதம். சிட்னியில் இருப்பவன் ஒன்றைச் சொன்னான். அது கூடாது என்று துபாயில் இருப்பவன் சண்டைக்கு வந்தான். இருவரும் சிப்பைத் தொட்டுப் பல வருடம். இப்போது தொடுவதெல்லாம் எக்செல்.

மாளிகாவத்தை நியாஸ் மட்டும் அழுத்திச் சொன்னான்:

“மச்சான், வைஃபைல போடு. இந்தக் காலத்துல யாருடா வயர் பாவிக்கிற? ஊட்ல சாஞ்சிட்டே அப்டேட் பண்ணேலும்.”

சாய்ந்துகொண்டே! என் பலவீனத்தை அறிந்த நண்பன்.

புதிய புரோகிராம் முழுதாக வந்து சேரும்வரை பழையதை அழிக்காமல் வைத்திருக்கும் பூட்லோடரும் இருந்தது. உத்தமமான சாதி. ஆனால் அதற்கு இரட்டிப்பு இடம் வேண்டும். என் சிப்பில் இடம் ஏது? மூன்று மொழியில் வணக்கம், நல்லூர்த் தேர் வாழ்த்து, வெசாக் வாழ்த்து, நத்தார் வாழ்த்து... தண்ணீர் காட்டும் திரைக்கு இவ்வளவும். ஆகவே பழையதை முதலில் அழித்துவிட்டுப் புதியதற்குக் காத்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சின்னது, வேகமானது, நல்ல பேர்.

அதோடு விடவில்லை. ‘இனி எதற்கு?’ என்று மோட்டாரின் கைச் சுவிட்சைக் கழற்றினேன். ‘இனி எதற்கு?’ என்று ஆறு ஊசிக்கான சொக்கெட்டையும் பற்றவைக்காமல் விட்டேன். மேதைக்கு வெறும் ஓட்டைகள் போதாதா?

ஞாயிறு, நாலாம் மாடி புஷ்பா அக்காவின் மகனுக்குப் பொன்னுருக்கு, தாலிக்குத் தங்கம் உருக்கும் சடங்கு. பொம்பிளை வீட்டார் வருகிறார்கள். திரையில் “சம்பந்தி வீட்டாரே வருக” என்று ஓடினால் எப்படி இருக்கும்? சாய்ந்துகொண்டே பொத்தானை அழுத்தினேன்.

அப்டேட் பாதியில் நின்றது.

பெட்டியைத் தொட்டிக்குப் பின்னால், அடியில் பூட்டியிருந்தேன் — தொட்டி கழுவிய நாளில், வெறும் தொட்டிக்குப் பின்னால். அன்று சிக்னல் துள்ளியது. இன்று தொட்டி முட்ட நிறைந்திருந்தது. தண்ணீர் வைஃபையை விழுங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

நியாஸை அழைத்தேன்.

“பதறாத மச்சான். தொட்டி காலியாகட்டும், சிக்னல் தானா வரும்.”

வந்து யாரோடு கதைக்க? வைஃபையின் பாஸ்வேர்டும் அழிந்த பகுதிக்குள்ளேதான் இருந்தது; அறுந்த தொடர்பை மறுபடி பிடிக்க வாசல்காரனுக்கு வழியில்லை. லேப்டாப்பைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கெஞ்சினேன். மூச்சில்லை.

கீழே விருந்தாளிகள் குளித்தார்கள், கால் கழுவினார்கள், சமையல்காரர் அண்டாக்களை நிரப்பினார். மேலே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. மோட்டார் சும்மா கிடந்தது. புஷ்பா அக்கா அழைத்தார்.

“தம்பி, பைப்பில நூல் மாதிரித்தான் வருது. பொம்பிளை வீட்டாக்கள் வந்து இறங்கிட்டினம். என்ர மானத்தைக் காப்பாத்துங்கோ!”

“இந்தா அக்கா, சின்ன மெயின்டனன்ஸ்...” என்றேன்.

லேப்டாப்பையும் புரோகிராமரையும் எடுத்து, சுகந்தியை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். முப்பது வருடமாக என் கண்டுபிடிப்புகளோடு குடும்பம் நடத்துபவள். மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து, தொட்டியடி ஈரத்தில் குப்புறப் படுத்தேன். ஆறு ஊசியையும் ஆறு ஓட்டைக்குள் விட்டு, சரித்து, பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

“என்டரை அழுத்து!”

“எரர் எண்டு சிவப்பா வருது.”

“திருப்பி அழுத்து!”

“ஊசி அசையுதப்பா. மூச்சை விடாமப் பிடியுங்கோ.”

“பிடிச்சா செத்துப்போவன்!”

“அதுக்கு முதல் தண்ணி வரட்டும்.”

பிடித்தேன். உள்ளே போனது, வாழ்த்தெல்லாம் சேர்க்குமுன் எழுதிய முதல் புரோகிராம். வாழ்த்து இல்லை, வருக இல்லை, சங்கதி இல்லை. மெயினைப் போட்டதும் கீழே மோட்டார் உறுமியது. தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த சத்தத்துக்கு நான் அழுதேன் என்று சுகந்தி சொல்லித் திரிகிறாள். அது வியர்வை.

படுத்த இடத்திலேயே ஒன்று தோன்றியது. பூட்லோடரையும் மாப்பிள்ளையையும் நாம் ஒரே மாதிரித்தான் பார்க்கிறோம். வேகம் என்ன, வெளிநாட்டு வசதி உண்டா, பார்க்க லட்சணமா? பாதியில் காரியம் கெட்டால் ஆள் எப்படி நடந்துகொள்வான் — அதை யார் கேட்கிறோம்? நல்ல நாளில் எல்லாப் பூட்லோடரும் தங்கம். கெட்ட நாளில் வீட்டைக் காலி செய்துவிட்டு வாசலில் முழித்துக்கொண்டு நிற்காததைத்தான் தேட வேண்டும். இதை அந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பதிலுக்கு இரண்டு கட்டைவிரலும் ஒரு குட்மோர்னிங் ரோஜாவும் வந்தன.

பொன்னுருக்குக்கு, முன்பக்கம் முழுக்க நனைந்த சாரத்தை மாற்றிக்கொண்டு போனோம். தங்கம் உருகியது. குழாயும் ஒழுங்காக ஓடியது. பொம்பிளையின் மாமா முறையான ஒருவர் என் பெருவிரலில் வரிசையாக இருந்த ஆறு குழிகளைப் பார்த்தார்.

“தம்பி என்ன செய்யிறியள்? இன்ஜினியரோ?”

“இல்லை ஐயா, பிளம்பர்.”

பக்கத்தில் நின்ற சுகந்தி மெதுவாகச் சொன்னாள்:

“பிளம்பர்மார் கேட்டா வழக்குப் போடுவினம்.”