தர்பூசணி நிறத்தில் ஒரு அண்டா

ஷேடுக்காரர் என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். கடையில் கம்ப்யூட்டர் வைத்த கலவை இயந்திரம் ஒன்றும் உண்டு. நம்பர் தெரிந்த வாடிக்கையாளர் இயந்திரத்திடம் போவார். சுவரிலிருந்து உதிர்ந்த செதிலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, "இதே மாதிரி வேணும்" என்பவர் இவரிடம் வருவார். இவர் செதிலை வாங்கிக்கொண்டு நேராக வாசல் வெளிச்சத்துக்குப் போவார். ட்யூப்லைட்டில் நிறம் பார்ப்பவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை.

மகன் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். சுற்றி நின்றவர்களெல்லாம் மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்க, இவர் பிள்ளையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரை ஷேடு மஞ்சள் அடிக்குதே" என்றார். மாமியார் வீட்டில் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் வந்து மஞ்சள் காமாலை என்று விளக்கடியில் கிடத்திய பிறகும் பேசவில்லை. இவர் வாய் வைத்ததால்தான் வந்தது என்றார்கள்.

அவர் குடிப்பதில்லை. ஒழுக்கமெல்லாம் ஒன்றுமில்லை. ராத்திரி குடித்தவன் கண்ணுக்குக் காலையில் வெள்ளையெல்லாம் க்ரீமாகத் தெரியும் என்பதுதான் காரணம். சர்க்கரை வந்த பிறகு பழச்சாறும் போயிற்று.

அப்படிப்பட்டவரிடம்தான் மருமகள் விருந்துக்குக் காக்டெயில் கலக்கும் வேலையை ஒப்படைத்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு. வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் முப்பது பேருக்கு விருந்து. மகனுக்கு இதில் சம்மதமில்லை.

"அப்பாகிட்டயா? வேண்டாம். வெளியில ஆர்டர் பண்ணிடலாம்."

"இருபது லிட்டர் கலக்குறதுதானே? மாமா பாத்துப்பாங்க."

மகன் தலையெடுத்ததிலிருந்து வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த வேலை, கேஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறப்பது. அதனால் "மாமா பாத்துப்பாங்க" அவர் காதில் தேனாக இறங்கியது. "ஆர்டர் பண்ணிடலாம்" முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. இன்றைக்கு இந்தப் பயலை வாயடைக்க வைக்காவிட்டால் நான் ஷேடுக்காரனே இல்லை என்று முடிவு கட்டினார்.

காலையில் மருமகள் ஒரு கண்ணாடித் தம்ளரில் மாதிரி கலந்து காட்டினாள். தர்பூசணிச் சாறு, எலுமிச்சை, புதினா, வெள்ளை ரம், மேலே சோடா. அவர் தம்ளரை வாங்கி ஜன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"மாமா, இதுதான் மாதிரி, ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கேன். எட்டு பாட்டில் ரம்ல நாலை அண்டாவுல ஊத்துங்க. மீதி நாலு, தனியாக் கேக்குறவங்களுக்கு. சோடாவை மட்டும் தொட்டுடாதீங்க, கேஸ் போயிடும். நான் வந்து கடைசியில ஊத்திக்கிறேன்."

அவளும் மகனும் நாற்காலி வாடகைக்கும் கேக்குக்கும் கிளம்பிப் போனார்கள்.

இவர் பழம் அறுத்து, அரைத்து, வடிகட்டி, அண்டாவை முக்கால் வரை நிரப்பினார். எலுமிச்சை பிழிந்தார். சொன்னபடி நாலு பாட்டில் ரம்மை ஊற்றினார். மாதிரியோடு ஒப்பிட ஃப்ரிட்ஜைத் திறந்தால் அது அங்கே இல்லை; தம்ளர் கழுவி மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்தது.

மாடியைக் கூட்டிவிட்டு இறங்கிய மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இதுல இருந்த ஜூஸ் எங்கே?"

"குடிச்சேன். மாடியில என்ன வெயில் தெரியுமா? ஆனா ஒண்ணுங்க, நம்ம மருமக கைக்கு ஒரு ருசி இருக்கு."

"அடிப்பாவி, அதுல சரக்கு இருந்துச்சு!"

அவள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். "அப்படியா? புதினான்னு நெனச்சேன்."

அவர் கலங்கவில்லை. ஒருமுறை பார்த்த ஷேடு அவருக்கு மறக்காது. அண்டாவிலிருந்து ஒரு தம்ளர் மொண்டு ஜன்னலுக்குக் கொண்டுபோனார். நிறம் தூக்கலாக இருந்தது. காலையில் பார்த்தது வெளுத்த ரோஜா. இது செங்கல்லுக்குத் தங்கை. வெளுக்க வைத்தாக வேண்டும்.

தண்ணீர் ஊற்றலாமா? தண்ணீர் கலப்பவன் என்ற பெயர் இத்தனை வருஷத்தில் அவர் வாங்கியதில்லை. சோடாவைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மிச்சமிருந்த நிறமற்ற வஸ்து எது? அலமாரியில் நாலு பாட்டில் பளிங்குபோல நின்றது. கடையில் தின்னர் ஊற்றுகிற அதே பக்குவத்தில் அதில் ஒன்றைத் திறந்து நூல் பிடித்தாற்போல் ஊற்றினார்.

"ருசி மாறிடுச்சான்னு பாரு. அந்த ருசி தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்."

அவள் ஒரு மடக்கு குடித்து யோசித்தாள். "ஒரு மடக்குல என்னத்தச் சொல்றது? முழுசா குடு."

முழுசாகக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

ஜன்னலில் இன்னும் தூக்கல். அடுத்த பாட்டில். மறுபடி ருசி.

"இது அதைவிட நல்லா இருக்கு."

"அதை மாதிரி இருக்கான்னு கேட்டா..."

"கோவிச்சுக்காதீங்க. நீங்க கோவிச்சுக்கிட்டா உங்க மூக்கு எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவள் தானே சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் மூக்கைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும், வெட்கம்தான் தட்டியது. கடைசி இரண்டு பாட்டிலையும் ஊற்றி முடித்தபோது நிறம் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. காலையில் பார்த்த அதே வெளுத்த ரோஜா. அரை ஷேடுகூடத் தப்பில்லை. அண்டாவை மூடிவிட்டு, இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டார்.

மருமகள் திரும்பி வந்து கரண்டியால் மொண்டு வாயில் வைத்தாள். கண் நிறையத் தண்ணீர். இருமலுக்கு நடுவே கேட்டாள்.

"மாமா... எத்தனை பாட்டில்?"

"நிறம் தூக்கலா இருந்துச்சும்மா. அதான் எட்டையும்..."

"மாதிரியில சோடா இருந்துச்சே மாமா! சோடா விழுந்தா தானா வெளுத்திருக்குமே."

அவர் சோடா பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தார். சோடாவும் ஒரு நிறம் என்பது மண்டையில் ஏறவே இல்லையே.

அறையில் கட்டிலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அவரைத் திட்டாதே! நல்லாத்தான் இருக்கு!"

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்று எட்டிப்பார்த்துவிட்டு வந்த மகன் தலையில் கை வைத்தான். "நான் அப்பவே சொன்னேன். கேட்டியா? இதைக் குடிச்சா உன் மேனேஜர் படியில இறங்க மாட்டார், உருளுவார். கொட்டிடு. ஆர்டர் பண்றேன்." போனை எடுத்துவிட்டான்.

ஷேடுக்காரருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் 'கொட்டிடு' என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"தப்பா வந்த ஷேடைக் கொட்ட மாட்டோம்டா. பெருக்கித்தான் சரிபண்ணுவோம்."

மருமகள் திரும்பினாள். "பெருக்கணும்னா?"

"சரக்கு ரெண்டு பங்கு விழுந்திருக்கு. அப்ப சாறையும் எலுமிச்சையையும் இன்னொரு பங்கு சேர்த்தா, ரெண்டு அண்டாவுக்குச் சரியாப் போச்சு. சோடாவும் அதே கணக்குல ரெட்டிப்பு."

"நாப்பது லிட்டரை யாரு மாமா குடிப்பா?"

"அது உங்க ஆபீஸ் பிரச்சனைம்மா."

அவள் சிரித்துவிட்டாள். கணவனின் போனைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். "ஓடு. பெரிய பழமா ஆறு. எலுமிச்சை ஒரு பை. சோடா, ஐஸ்."

"நானா?"

"பின்னே, மாமாவையா அனுப்புறது? அவங்களுக்கு வேலை இருக்கு."

மகன் வாங்கிவந்த ஆறில் ஒன்று உள்ளே வெள்ளரிக்காயாக இருந்தது. இவர் அறுத்த பாதியை அவன் கண்ணில் படுகிறாற்போல் ஜன்னலோரம் வைத்தார். இரண்டாவது அண்டா வீட்டில் இல்லை. கடையிலிருந்து வந்த காலி வாளி, பெயிண்ட் படாத புதுசு, பரண்மேல் கிடந்தது. மருமகள் மூன்று தரம் கழுவினாள். பிறகு அண்டாவில் பாதியை வாளிக்கு மாற்றி, புதுச் சாறை மாமனார் ஊற்ற, அவள் கரண்டியில் ருசி பார்த்துச் சொல்ல, வேலை நடந்தது. "இன்னும் எலுமிச்சை." "போதும், போதும்." அறையிலிருந்து, "என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்றீங்க?" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாடியில் மருமகள் இரண்டு பாத்திரத்திலும் சோடாவைக் கவிழ்த்தபோது நுரை பொங்கி, நிறம் இவர் கண்முன்னாலேயே வெளுத்தது. மாதிரியைவிட ஒரு பிடி கம்மி. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

வந்தவர்கள் குடித்தார்கள். வியர்த்து வந்தவர்கள் இரண்டாவது தம்ளரில் காற்றோட்டத்தைப் புகழ்ந்தார்கள். மேனேஜர் வாளியின்மேல் அச்சடித்திருந்ததைக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"உட்புறச் சுவர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கே?"

"வயிறும் உட்புறச் சுவர்தானே சார்" என்றார் இவர். மேனேஜர் அதற்குச் சிரித்த சிரிப்பில் ஒரு தம்ளர் சட்டைமேல் போயிற்று. நிறம் நன்றாக ஏறியது.

அண்டா காலியாகி வாளியும் பாதிக்கு வந்தபோது ஒருவர் மகனைக் கேட்டார். "எந்தக் கடையில ஆர்டர் பண்ணீங்க? நம்பர் குடுங்களேன்."

இவர் ஐஸ் உடைப்பதுபோல் குனிந்துகொண்டார். காது மட்டும் நிமிர்ந்து நின்றது.

"ஆர்டரா? எங்கப்பா கலக்கினது சார்" என்றான் மகன். மாடிக்கே கேட்கிற குரல். "எங்கப்பா கைக்கு ஈடு கிடையாது. நான் அப்பவே சொன்னேன்!"

நெஞ்சு குளிர்ந்துதான் போயிற்று. ஆனால் பையன் கையிலிருந்தது நாலாவது தம்ளர் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டார். ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பி அவர் இதுவரை யாருக்கும் வாளியை மூடிக் கொடுத்ததில்லை. காய்ந்த பிறகு காலையில் ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸை உடைத்துப் போட்டார்.