ஸ்பீக்கரில் போட்ட போன்

திருத்தணியில் ஒரு கல்லூரியில் பிசினஸ் கம்யூனிகேஷன் நடத்துகிறேன். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது நான் போட்ட சட்டம்.

அன்று வாடிக்கையாளர் புகார் பற்றிய பாடம். நடுவில் விசைத்தறி வீட்டுப் பெண் சுமதியின் போன் அடித்தது.

"கடைக்காரரு மேடம். நைனா தறியில இருக்காரு, நான்தான் பேசணும்."

அவமானப்படட்டும் என்றே, "ஸ்பீக்கர்ல போடு" என்றேன்.

கேட்ட நிறம் இல்லாமல் வேறு நிறத்தில் புடவைகள் வந்ததாக, ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்து கடைக்காரர் தெலுங்கில் கத்தினார். சுமதி குறுக்கிடாமல் கேட்டாள். தெலுங்கிலேயே தவறை ஒப்புக்கொண்டு, காலையில் மாற்றித் தருவதாகச் சொன்னாள். அவர் சிரித்தபடி போனை வைத்தார்.

வகுப்பின் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைய பயிற்சிக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

"இங்கிலீஷே பேசலையே மேடம்?" என்றார் துறைத்தலைவர்.

"கத்திகினு இருந்தவரு சிரிச்சிகினு வச்சாரு. வேற இன்னா சார் வேணும்?" என்றேன்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.