நாற்பதாம் பக்கத்துக் குடும்பம்

ஹாம்பர்க்கில் ஒரு வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் வாழ்ந்துவிடலாம். கடையில் நாமே பொருளை எடுத்து, நாமே இயந்திரத்தில் காட்டி, நாமே பையில் போட்டுக்கொண்டு வரவேண்டியதுதான். பேருந்தில் நடத்துநர் கிடையாது. போன திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கட்டில் 'மொய்ன்' என்றார். இந்த ஊர் வணக்கம் அது. பதில் சொல்ல வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து பயன்படுத்தாத தொண்டை. திருவொற்றியூரில் இது நடக்காது. தேரடியில் சாலையைக் கடப்பதற்குள் நாலு பேரிடம் பேச்சு வாங்கிவிடலாம்.

நான் இப்படி ஊமையானதற்குக் காரணம் என் அறிவுதான். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் நான்தான் அறிவாளி என்று எப்போதோ தீர்ப்பாகியிருந்தது. அக்காவும் நானும் ஒரே பள்ளி. அவள் கையைத் தூக்குவாள், எழுந்து தப்பாகப் பதில் சொல்வாள், திட்டு வாங்குவாள், மறுபடியும் கையைத் தூக்குவாள். "இன்னா டீச்சர், அது எப்டி?" என்று கேட்டதற்காக ஒருநாள் வெளியே நின்றாள். இதையெல்லாம் பார்த்து நான் விவரமானேன். வாயைத் திறந்தால்தானே தப்பு வரும்? கைடை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் கொட்டினேன், முதல் ரேங்க். 'கீது' என்று வந்ததை விழுங்கிவிட்டு 'இருக்கிறது' என்று துப்பப் பழகினேன். அக்கா எட்டாவதோடு நின்று அம்மாவின் மீன்கூடையை எடுத்துக்கொண்டாள்.

அதே வித்தையோடுதான் ஜெர்மன் தேர்வுக்கும் போனேன். தேறினால்தான் இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி. பயிற்சிப் புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் 'என் குடும்பம்' என்று ஒரு மாதிரி விடை. ஒரு புள்ளி பிசகாமல் ஒப்பித்தேன். எனக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஏரிக்குப் போவோம். மூத்தவள் நன்றாக நீந்துவாள். தேர்வாளர் அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இளையவனுக்கு என்ன வயது என்று ஆசையாகக் கேட்டார். நாற்பதாம் பக்கத்தில் அது இல்லை. ஒப்பிக்கும்போது தடுக்கினால் நம் பள்ளிகளில் என்ன செய்வோமோ அதையே செய்தேன்: முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் மெல்லப் பேனாவை மூடினார். ஒற்றை அறையில் தனியாகப் படுத்து எழுகிற எனக்கு, பெற்ற பிள்ளையின் வயது தெரியவில்லை.

அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். இப்போது எண்ணூரில் ஒரு தொழிற்சாலை வாசலருகே மீன்கடை போட்டிருக்கிறாள்.

"பொண்டாட்டி, ரெண்டு புள்ள. பத்திரிகைகூட வெக்கல பாரு நீ."

"புத்தகத்துல அப்டித்தான்க்கா போட்டிருந்துச்சு."

"தனியாத்தான் கீறேன்னு சொல்றதுக்கு இன்னாடா?"

"அத இலக்கணமாச் சொல்ல வராது. சிரிப்பாங்க."

அந்த நேரம் கடைக்குப் பிரதாப் வந்தான். ஒடிசாக்காரன், கன்டெய்னர் யார்டில் வேலை. "பையா, மச்சி தாஜா கீது, லேலோ, முள்ளு நஹி," என்றாள் அக்கா. மீன் புதுசு, வாங்கிக்கொள், முள் இல்லை என்பதற்கு அவளுடைய இந்தி. அவன் சிரித்தது ஹாம்பர்க் வரை கேட்டது. திருத்திச் சொன்னான். அதையும் அவள் தப்பாகச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"கேட்டியா?" என்றாள் என்னிடம். "தப்பாப் பேசுனா சிரிப்பான். சிரிச்சவன் நாளைக்கும் வருவான்."

தெலுங்கும் இந்தியும் கொஞ்சம் ஒடியாவும் அவளுக்கு இப்படித்தான் வந்தன. அதைப் படிப்பு என்று யாருமே கணக்கில் எடுத்ததில்லை, நான் உட்பட. என் ஜெர்மனில் பிழையே இருக்காது. பேசினால்தானே?

இரண்டாம் தேர்விலும் அதே அம்மாள். யாருடன் வசிக்கிறீர்கள் என்றார். "அலைன்," என்றேன். தனியாக. "மனைவி இல்லை. பிள்ளை இல்லை. புத்தகம் பொய்." வினைச்சொல் ஒன்றுகூட இல்லை. அவர் சிரித்தே விட்டார். ஞாயிற்றுக்கிழமை? சன்னல் பார்ப்பது, அக்காவோடு பேசுவது, அக்கா மீன் விற்பது என்று உடைந்த சொற்களை அடுக்கினேன். என்ன மீன் என்று கேட்டார். இந்த நாட்டில் ஒருவர் உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கையை விரித்துக் கானாங்கெளுத்தியின் நீளத்தைக் காட்டினேன்.

மயிரிழையில் தேறினேன். இனி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இங்கேயே இருக்கலாமாம். அக்காவை வீடியோவில் கூப்பிட்டால், போனைப் பிரதாப் பிடுங்கிக்கொண்டான். "ணா, பாஸாமே. நல்லா கீறியா? துன்னியா?"

பள்ளியில் நான் விழுங்கிய சொல் அவன் வாயில் சுத்தமாக இருந்தது. "நல்லா கீறேன்," என்றேன். எத்தனையோ வருடம் கழித்து.

அவனுக்குப் பின்னால் அக்கா மீன் அரிந்துகொண்டிருந்தாள். அதற்கும் பின்னால் எண்ணூர்ப் புகைபோக்கி. திரை முழுக்க அவர்கள். ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு நான், என் பின்னால் வெள்ளைச் சுவர். அந்தப் பெட்டியை விரலால் இழுத்துப் பார்த்தேன். நான்கு மூலைக்கும் போகிறது. நடுவில் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது.