ஒன்பது நாள் பாலம்

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அலுவலகத்தில் அதை யாரும் தொட்டதில்லை. அங்கிருந்த மற்ற நாற்பத்தோரு பேருக்கும் அவர் காலண்டர்தான்.

புட்டிக்கு மூடி போடும் இயந்திரங்களை ஒன்பது நாடுகளில் விற்று, பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்யும் கம்பெனி அது. தலைமையகம் அந்த ஒன்பதில் வேறொரு நாட்டில் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொறியாளர் நாற்பது கிலோ கருவிப் பெட்டியோடு விமானம் ஏறிப் போனார். போன இடத்தில் ஐந்து நாள் அரசு விடுமுறை. பூட்டிய தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து புறாவுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். புறாக்கள் பருத்தன, கம்பெனி மெலிந்தது. விசாரணைக் கூட்டத்தில் பார்சல் பிரிவின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அன்னிக்கு அங்க லீவுன்னு என் டைரியில போட்டிருக்கே சார்." அந்த ஒரு வாக்கியத்தில் காலண்டரின் தலையெழுத்து மாறியது.

அன்றிலிருந்து சுவர் முழுக்க அவர் அட்டவணை. விடுமுறை நாள்மேல் நாட்டுக்கு ஒரு நிறத்தில் குண்டூசி. வெள்ளிக்கிழமை ஓய்வெடுக்கும் நாடு எது, ஞாயிறு ஓய்வெடுக்கும் நாடு எது, விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் பெருந்தன்மையாகத் திங்களைக் கொடுக்கும் நாடு எது, சத்தமில்லாமல் முழுங்கிவிடும் கஞ்ச நாடு எது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தன் மாமனார் இறந்த தேதி கேட்டால் யோசிப்பார். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் வங்கி திறக்கும் தேதி கேட்டால் யோசிக்கமாட்டார்.

அதோடு நின்றிருந்தால் நல்ல மனிதராகவே ஓய்வு பெற்றிருப்பார். நிற்கவில்லை. பாலம் கட்டத் தொடங்கினார். இரண்டு விடுமுறைகளுக்கு நடுவே அநாதையாக நிற்கும் வேலைநாளில் ஒரு நாள் லீவு போட்டால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இணைப்பு விழுந்துவிடும். மூன்று நாள் லீவில் பத்து நாள், நான்கில் பதினோரு நாள். ஒவ்வொரு நாட்டுக் கிளைக்கும் வருடப் பிறப்பில் பாலப் பட்டியல் அனுப்புவார். ஒன்பது நாட்டு ஊழியர்களும் அவரைக் குலதெய்வமாக நினைத்தார்கள். அவர் சொன்ன தேதியில் ஒரு கிளையே காலியாகும். துடைப்பம்கூட லீவில் போகும்.

இந்த வருடம் தலைமையகமும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தது. அதுதான் விபரீதம்.

அலுவலக மேலாளர் எதற்கும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பவர். பெயரும் அதுவாகவே நிலைத்துவிட்டது. ஒரு நாள் அவரே காலண்டரின் மேசைக்கு வந்தார்.

"காலண்டர், நம்ம நாட்டுல இந்த வருஷம் பெரிய பாலம் எதுன்னு தலைமையகம் கேக்குது. கண்டிப்பா எல்லாரும் கெளம்பிப் போற மாதிரி இருக்கணுமாம்."

"அடுத்த மாசம் சார். திங்கள், செவ்வாய், வியாழன் அரசு விடுமுறை. புதன், வெள்ளி ரெண்டே நாள் லீவு. சனி ஞாயிறு சேத்து ஒம்பது நாள். நம்ம நாப்பத்தோரு பேரும் டிக்கெட் போட்டாச்சு."

"ஒருத்தர்கூட இருக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"ஈ காக்கா இருக்காது சார்." அந்த மாத அட்டவணையை வண்ணத்தோடு வரைந்து, கீழே அதையும் எழுதி, சுருக்கொப்பமும் போட்டுக் கொடுத்தார்.

"ஆகட்டும்," என்றார் மேலாளர். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது, மேலாளர் அறை மேசையில் குடும்பப் புகைப்படம் இல்லாததைக் காலண்டர் பார்த்தார். படத்தின் கண்ணாடி உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கைப்பேசி அடித்தது. வேறொரு நாட்டுக் கிளையில் ஏழு வருடமாக அவரோடு பேசிவந்த பெண். நேரில் பார்த்ததில்லை. பேசுமுன் ஒரு முறை செருமுவாள், அதனால் அவர் மனத்தில் அவள் செருமல்.

"அண்ணே," என்றாள். செருமவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

"சொல்லும்மா. பாலம் எப்படி இருந்துச்சு?"

"நல்ல பாலம்ணே. பதினாறு நாள். நேத்துத் திரும்பி வந்தேன். கதவு அதே கதவு, பூட்டு மட்டும் வேற. ஜன்னல் வழியாப் பாத்தா என் நாற்காலிகூட இல்ல."

"எங்க போச்சு?"

"நாற்காலி எங்க போச்சுன்னா கேக்கறீங்க? கிளையே போச்சுண்ணே! கடுதாசி வீட்டுக்கு வரும்னாங்க. ஆள் இருக்கறப்ப மூடினா கேள்வி கேப்பாங்க, சத்தம் போடுவாங்க. ஆள் இல்லாதப்ப மூடினா யாரு கேக்கறது?" இப்போதுதான் ஒரு முறை செருமினாள். "உங்க பாலத்து மேலதாண்ணே பூட்டைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

அவர் பழைய கடிதங்களைப் புரட்டினார். செருமலின் கிளைக்கு முன்பாக இன்னொரு கிளை "இணைக்கப்பட்டது" என்று சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் முன்கூட்டியே அதே கேள்வி வந்திருந்தது: பெரிய பாலம் எது? இரண்டு முறையும் பத்தே நிமிடத்தில், வண்ணம் தீட்டி, பதில் அனுப்பியிருந்தார். மூன்றாவதாக, சொந்த அலுவலகத்துக்கே வந்த கேள்விக்கு ஒன்பதாவது நிமிடத்திலேயே.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பேரையும் கூட்டிவைத்து விஷயத்தைச் சொன்னார். "யாரும் போகாதீங்க. திரும்பி வந்தா நமக்குக் கதவு இருக்காது."

கணக்குப் பிரிவு அம்மாள் முதலில் சிரித்தாள். "பன்னெண்டு வருஷமா 'போ, போ'ன்னு வெரட்டிட்டு, டிக்கெட் வாங்கினதும் 'போகாத'ன்னா எப்படி? உங்களுக்கு விசா கெடைக்கலையா?"

"அவரு பாலத்தை அவரே இடிக்கிறாரு பாரு," என்றார் புறா வளர்த்த பொறியாளர். அவர்தான் பலமாகச் சிரித்தார்.

அன்று மாலை தண்ணீர் கேன் போடுபவர் வாசலில் அவரைப் பார்த்து, "லீவு முடிஞ்சு கேன் வேணாம்னுட்டாங்களே சார், எடம் மாத்தறீங்களா?" என்று கேட்டார். காலண்டர் வேகமாகப் படியிறங்கினார்.

வீட்டில் மனைவி இப்போதே பெட்டி கட்டத் தொடங்கியிருந்தாள். ஆறு வருடமாகப் பார்க்காத தம்பி வீட்டுக்குப் போகிற பயணம். தேதியை அவர்தான் குறித்துக் கொடுத்திருந்தார்.

"நான் வரல," என்றார்.

"என்னங்க விளையாடறீங்களா? ஊர்ல இருக்கறவனையெல்லாம் லீவுக்கு அனுப்பிட்டு நீங்க ஆபீசுக்குப் போறீங்களா?"

"பூட்டை மாத்த வருவாங்க. ஒரே ஒரு நாள் உக்காந்துட்டு வர்றேன்."

"எந்த நாள்?"

அப்போதுதான் அவருக்கே விளங்கியது. பென்சிலை எடுத்தார். பூட்டு மாற்ற இங்கே அரசு விடுமுறையாக இருக்கவேண்டும், கட்டடக் காவலாளிகூட வராத நாள். ஆனால் உத்தரவு போட அங்கே, தலைமையகத்தில், வேலைநாளாக இருக்கவேண்டும். திங்களும் செவ்வாயும் அங்கேயும் விடுமுறை. மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

"வியாழக்கிழமை," என்றார்.

"சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறேன். அந்தப் பூட்டைக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே விமானம் ஏறினாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குத் தன் சாவியால் அலுவலகத்தைத் திறந்தார். தெருவில் ஆட்டோ சத்தம்கூட இல்லை. நாற்பத்தோரு காலி நாற்காலிகள் மேசைக்குள் தள்ளி ஒழுங்காக நின்றன. மேலாளர் அறையில் மேசை மட்டும் இருந்தது, தொலைபேசி ஒன்று அதன்மேல். கேனில் பாதி தண்ணீர். அட்டவணை முன்னால் உட்கார்ந்து காத்திருந்தார். யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஒன்பதே முக்கால் ஆனபோது, வராவிட்டால் கணக்குத் தப்பாகிவிடுமே என்ற கவலையும் எட்டிப் பார்த்தது. மனிதன் கடைசிவரை கலைஞன்.

பத்துப் பத்துக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கருவிப் பையோடு பூட்டுக்காரர் வந்து கதவைத் தள்ளினார். அது திறந்துகொண்டதில் அவருக்கே அதிர்ச்சி.

"இன்னிக்கு லீவாச்சே. நீங்க என்ன பண்றீங்க?"

"அதையே நானும் கேக்கலாம்."

பூட்டுக்காரர் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். காலண்டரின் சொந்த அட்டவணை, வண்ணத்தோடு. கீழே அவரே எழுதியது: ஒருவரும் இருக்கமாட்டார்கள். சுருக்கொப்பம்.

"இதை எழுதினவரு சொன்னா தப்பாதுன்னு சொன்னாங்க," என்று குறைபட்டுக்கொண்டார் பூட்டுக்காரர்.

"எழுதினது நான்தான்."

"அப்ப நீங்களே தப்பா எழுதலாமா சார்?"

வாழ்நாளில் முதல் முறையாக அவர் கணக்கில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. எழுந்து போய்க் கதவை மறித்து நின்றார்.

"கழட்டாதீங்க," என்றார். "நாப்பத்தோரு பேரு திங்கட்கிழமை இந்தக் கதவுக்குத்தான் வருவாங்க."

"எனக்கு வந்த உத்தரவுல பூட்டை மாத்துன்னுதான் இருக்கு. ஆளை மாத்துன்னு இல்ல. நீங்க உள்ள நிக்கிறீங்களா, வெளிய நிக்கிறீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

காலண்டர் பழைய பூட்டைப் பார்த்தார், புதுப் பூட்டைப் பார்த்தார். "இது உள்ளேருந்து தொறக்குமா?"

"சாவியே வேணாம். குமிழைத் திருப்பினாப் போதும். வெளியேருந்துதான் முடியாது."

வெள்ளி, சனி, ஞாயிறு. விரல் விட்டு எண்ணினார். வீட்டுச் சாப்பாடு ஃப்ரிட்ஜில், அதாவது வீட்டில். இங்கே பாதி கேன் தண்ணீர், கணக்குப் பிரிவு அம்மாளின் இழுப்பறையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஒருவன் உள்ளே இருந்து குமிழைத் திருப்பினால் போதும்.

"உள்ள," என்றார்.

அரைமணி நேரம் துளைக்கருவி அலறியது. பிறகு கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பூட்டுக்காரர் தெருவில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தபடி கைப்பேசியில் யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பேசி முடித்தார். பையைத் தோளில் மாட்டினார். போய்விட்டார்.

காலண்டர் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, இன்றைய தேதியில் தன் நாட்டின் குண்டூசியைப் பிடுங்கிக் கீழே வைத்தார். இங்கே இனி இது வேலைநாள்.

மேலாளர் அறையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. இந்த அலுவலகத்தில் இன்று ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று எழுத்தில் வாங்கி வைத்திருப்பவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். எழுதிக் கொடுத்தபடியே ஒருவரும் எடுக்கவில்லை; அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.