ஈரலுக்குப் பிரைமர்

கார் நெளிசல் எடுத்துப் பட்டி பூசும் அந்த டிங்கருக்கு டாக்டரம்மா செய்த ஒரே கெடுதல், புரியும்படி பேசியதுதான். புரியாமல் பேசியிருந்தால் மனுஷன் பயந்துபோய் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியிருப்பார்.

"உங்க ஈரல்ல மஞ்சள்காமாலை பி வைரஸ் ரொம்ப வருஷமா உட்கார்ந்திருக்கு. அதோட சண்டை போட்டுப் போட்டு உள்ள துருப்பிடிக்கிற மாதிரி ஆகுது. பெயின்ட்டுக்கு முன்னால துருப்பிடிக்காம அடிப்பீங்களே பிரைமர், அது மாதிரி உடம்பே ஒரு காப்பு வச்சிருக்கு. சண்டை ஓயலைன்னா அதுவும் தேய்ஞ்சிடும். அதனால வைரஸை அடக்குற மாத்திரையைத் தினமும் போடணும்."

துரு! காலமெல்லாம் துருவோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு இதற்குமேல் வைத்தியம் சொல்லித்தரணுமா? கடைசி வாக்கியம் காதில் ஏறவே இல்லை. பட்டறைக்கு வந்து தமக்குத்தாமே தீர்மானம் நிறைவேற்றினார். எதிர்த்து ஓட்டுப்போட அங்கே தகரம்தான் இருந்தது. பிரைமர் வேண்டும் என்று மருந்துக்கடையில், உடம்புத் துருவைத் தடுக்குமாம் என்று ஆன்டி-ஆக்ஸிடன்ட் காப்ஸ்யூல் ஒரு டப்பா வாங்கினார். பிரைமர் வந்தபின் வைரஸ் மாத்திரை எதற்கு? அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அடுத்ததுதான் ராஜதந்திரம். துருவுக்குத் தாய்தகப்பன் யார்? தண்ணீர். ஆகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்.

"அப்ப குளிக்கிறதையும் விட்டாச்சாண்ணே? வாசனை தூக்குதே" என்றான் பெயின்டர்.

"வெளியில பெயின்ட் இருக்குடா. உள்ளதான் வெறும் தகரம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தம்ளரைத் தூக்கினாலே அவருக்கு அண்ணன் வந்துவிடுவார்.

அண்ணனுக்கும் அதே பட்டறை, அதே வைரஸ். அம்மா பாரபட்சமில்லாமல் இருவருக்கும் விட்டுப்போன ஒரே சொத்து. செத்துப்போன விவரத்தை அண்ணனுக்கு யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை போலும். எஞ்சின் கழற்றிய பழைய வேனின் முன்சீட்டில், பானை வயிறும் மஞ்சள் கண்ணுமாக உட்கார்ந்திருப்பார். எதிரே நிற்கும் காரின் கண்ணாடியில் தெரிவார்; திரும்பினால் கிழிந்த சீட்டின் பஞ்சு மட்டும். வயிற்றில் நீர் கோத்த கடைசி நாட்களில், அளந்துதான் தண்ணீர் கொடுக்கணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "ஒரே ஒரு வாய்டா" என்று கெஞ்சினார். தம்பி சட்டத்தை மீறாதவர், கொடுக்கவில்லை. விடிந்தபோது கேட்க ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் கார்க்கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலோடு சரிந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால், உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது. வைரஸ் மட்டும் அமோக விளைச்சல்.

"ஈரல் இன்னும் கைவிட்டுப் போகலை. இன்னொரு தடவை இப்படிப் பண்ணா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் டாக்டரம்மா. "குடிக்கிற தண்ணியில ஈரல் துருப்பிடிக்காதுங்க."

வீட்டில் மனைவி மேல்தட்டிலிருந்து மாத்திரையை எடுத்தாள்.

"ஏங்க, ஒழுகுற கூரைக்குக் கீழ நிக்கிற வண்டிக்கு எத்தனை கோட்டு பிரைமர் அடிப்பீங்க?"

"முதல்ல கூரையை அடைக்கணும்..."

"இதைத்தானே அந்த அம்மா அன்னிக்கே சொன்னாங்க. வாயைத் திறங்க."

தம்ளரை வாங்கியவர் வாயருகே கொண்டுபோகவில்லை. அவர் பார்வை அவளைத் தாண்டிக் கதவோரம் நின்றது.

"என்னங்க?"

"அண்ணன் கேக்குறாரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தம்ளரில் தளும்பத் தளும்ப ஊற்றிக் கதவோரம் வைத்தாள்.

"அவருக்குக் கொடுத்தாச்சு. இப்ப நீங்க குடிங்க."

குடித்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மாத்திரைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் செலவு. கதவோரத் தம்ளரை மறுநாள் செடியில் கவிழ்க்கும்போது மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவளுக்குத் தைரியம் கிடையாது.